ஆறு விநாடிப் பிடியும் ஆறு மணி நேரக் குனிவும்

பள்ளிக்கூடத்தில் தண்டனை வாங்கியவர்களுக்கு 'நாற்காலி போடுவது' என்றால் என்னவென்று நான் விளக்க வேண்டியதில்லை. சுவரில் முதுகைச் சாய்த்து, இல்லாத நாற்காலியில் உட்காருவது போல முழங்காலை மடக்கி, வாத்தியார் போதும் என்கிற வரை நிற்க வேண்டும். அரை நிமிடத்தில் தொடை நடுங்க ஆரம்பிக்கும். இன்று அதற்கு 'வால் சிட்' என்று பெயர் வைத்து, ஜிம்மில் பணம் வாங்கிக்கொண்டு செய்யச் சொல்கிறார்கள். முழங்கைகளை ஊன்றிக் கட்டை போல உடம்பை நிறுத்துவது 'பிளாங்க்'. இந்த வகை எல்லாவற்றுக்கும் பொதுப் பெயர் 'ஐசோமெட்ரிக்' பயிற்சி. கிரேக்க மொழியில் 'ஐசோஸ்' என்றால் சமம், 'மெட்ரான்' என்றால் அளவு. தசை முறுக்கேறும், ஆனால் மூட்டு அசையாது, தசையின் நீளமும் மாறாது.

முப்பத்து நாலு வருஷம் டிரில் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவன் என்பதால், காலை நடைக்கு வரும் நண்பர்கள் இதைப் பற்றி என்னிடம் கேட்கிறார்கள். அசையாமல் நின்றால் உடம்பு ஏறுமா, பலம் வருமா, நம் வயதில் செய்யலாமா என்று மூன்று கேள்விகள். மூன்றுக்கும் பதில் உண்டு. ஆனால் அதற்குப் பின்னால் ஒரு சரித்திரம் இருக்கிறது. அதை முழுவதும் சொன்னால்தான் பதில் விளங்கும்.

முதலில் 'அசையாத வேலை' என்றால் என்ன என்பதற்கு நம் பக்கத்திலேயே பெரிய உதாரணம் இருக்கிறது. திருவாரூர் ஆழித்தேர். அலங்காரத்தோடு சுமார் 96 அடி உயரம், சுமார் 300 டன் எடை. 1948க்குப் பிறகு பல வருஷங்கள் ஓடாமல் கிடந்து, 1970இல் திருச்சி பெல் நிறுவனத்தின் ஹைட்ராலிக் பிரேக்கோடு மறுபடி ஓடியது. வடம் பிடித்தவர்களுக்குத் தெரியும். தேர் நகர ஆரம்பித்த பிறகு அவ்வளவு கஷ்டமில்லை. நகருவதற்கு முன்னால் இருக்கிற அந்தச் சில விநாடிகள்தான் கஷ்டம். ஆயிரக்கணக்கானவர்கள் குதிகாலை ஊன்றி, முழுப் பலத்தையும் வடத்தில் ஏற்றியிருப்பார்கள். தேர் ஓர் அங்குலம்கூட அசையாது. பௌதிக வாத்தியாரைக் கேட்டால், பொருள் நகரவில்லை, ஆகவே செய்த வேலை பூஜ்யம் என்பார். வடம் பிடித்தவரின் தோளும் தொடையும் அதை ஒப்புக்கொள்ளாது. நகராத பொருளை இழுக்கும் போதும் தசை உழைக்கிறது. அந்த உழைப்பில் அது வலுவும் பெறுகிறது.

இது நமக்குப் புதிதும் அல்ல. சிலம்பம் கற்றுக்கொடுக்கும் ஆசான் கம்பைக் கையில் கொடுப்பதற்கு முன் நிலைகளில் நிற்க வைத்துப் பழக்குவார். பரதத்தில் அரைமண்டி இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தஞ்சை அரண்மனையில் சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு என்ற நான்கு சகோதரர்கள் நாட்டியப் பயிற்சியை ஒழுங்குபடுத்தினார்கள். இன்றைக்கும் எட்டு வயதுப் பெண் குழந்தை அடவு கற்கும் போது முதலில் கற்பது அந்த அரைமண்டியில் உட்கார்ந்து நிற்பதைத்தான். யோகாசனங்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஆனால் இவற்றை 'தசை வளர்க்கும் முறை' என்று யாரும் சொன்னதில்லை. அந்தப் பேச்சு தேகப்பயிற்சிச் சாலைகளோடு வந்தது.

யூஜின் சாண்டோ என்ற ஜெர்மானியப் பயில்வான் 1905 வாக்கில் இந்தியாவுக்கு வந்து போனார். அவர் பெயர் தமிழில் எப்படி ஊறிப்போயிற்று என்று பாருங்கள். கையில்லாத பனியனுக்கு 'சாண்டோ பனியன்' என்று பெயர். கோவையில் தேகப்பயிற்சி செய்து உடம்பை வளர்த்து, பிறகு சினிமா எடுத்த சின்னப்பா தேவர் கடைசி வரை 'சாண்டோ' சின்னப்பா தேவர்தான். ஆந்திரத்தில் கோடி ராமமூர்த்தி நாயுடு சர்க்கஸ் வைத்து ஊர் ஊராகப் போனார். இரண்டு கைகளிலும் சங்கிலி கட்டி, இரண்டு பக்கமும் இழுக்கும் கார்களை நகரவிடாமல் நிறுத்துவது அவருடைய புகழ் பெற்ற வித்தை. ஐசோமெட்ரிக் என்ற சொல்லைக் கேள்விப்படாமலே அவர் செய்து காட்டியது அதைத்தான். கல்கத்தாவில் பிஷ்ணு சரண் கோஷ் 1930இல் தசைக் கட்டுப்பாடு பற்றி ஒரு புத்தகமே போட்டார். பரமஹம்ச யோகானந்தரின் தம்பி இவர். எடை எதுவும் இல்லாமல், ஒவ்வொரு தசையையும் தனித்தனியே முறுக்கி நிறுத்துவது அவர் முறை. பெங்களூரில் கே. வி. ஐயர் பயில்வான் உடம்போடும், வழக்கறிஞர் எஸ். சுந்தரம் ஆசனங்களோடும் சேர்ந்து மேடையேறினார்கள். சுந்தரம் 1920களின் கடைசியில் யோகத்தை உடற்பயிற்சியாக விளக்கி எழுதிய புத்தகம் அந்த வகையில் முன்னோடி.

இதே காலத்தில் ஐரோப்பாவில் அலெக்ஸாண்டர் சாஸ் என்று ஒருவர் இருந்தார். ரஷ்ய சாம்ராஜ்யத்தின் வில்னா நகரில் 1888இல் பிறந்தவர். முதல் உலகப் போரில் ஆஸ்திரியப் படையிடம் சிறைப்பட்டார். கையில் விலங்கு, எதிரே கம்பி. தூக்க எடையும் இல்லை, அசைய இடமும் இல்லை. அந்தச் சங்கிலியையே இழுத்தார், கம்பியையே வளைக்கப் பார்த்தார். அவை அசையவில்லை; அவருக்குப் பலம் ஏறியது. பல தடவை தப்பி ஓடினார். பிறகு இங்கிலாந்தில் 'சாம்சன்' என்ற பெயரில் மேடை ஏறி, சங்கிலியை அறுத்தும் குதிரையைத் தோளில் சுமந்தும் காட்டினார். பார்வைக்குப் பெரிய உடம்பு இல்லை. தசையின் பருமன் வேறு, அதன் பிடி வேறு என்பது அவர் வாதம். சங்கிலிப் பயிற்சியைத் தபால் வழிப் பாடமாகவும் விற்றார். 1962இல் காலமானார்.

சாஸ் சொன்னதை யாரும் அளந்து பார்க்கவில்லை. அளந்தது ஜெர்மனியில், டார்ட்முண்ட் நகரில். அங்கே மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தின் 'உழைப்பு உடலியல்' ஆய்வகம் இருந்தது. அந்தப் பெயரைக் கவனியுங்கள். இது விளையாட்டு வீரர்களுக்காக ஏற்பட்ட இடம் அல்ல. தொழிலாளியின் உடம்பு எவ்வளவு தாங்கும், எப்போது களைக்கும் என்று ஆராய ஏற்பட்டது. 1953இல் அங்கிருந்த ஹெட்டிங்கரும் முல்லரும் ஒரு முடிவை வெளியிட்டார்கள். ஒரு தசையால் முடிந்த உச்ச பலத்தில் மூன்றில் இரண்டு பங்கைப் போட்டு, நாளுக்கு ஒரே ஒரு தடவை, ஆறு விநாடி அசையாமல் பிடித்தால் போதும். வாரத்துக்குச் சுமார் 5 சதவீதம் பலம் கூடும். அதற்கு மேல் செய்வதால் பெரிய லாபமில்லை.

ஆறே விநாடி! உலகம் சும்மா இருக்குமா? அமெரிக்காவில் யார்க் என்ற ஊரில் பாப் ஹாஃப்மன் பளு தூக்கும் தண்டுகள் செய்து விற்றுவந்தார், பத்திரிகையும் நடத்தினார். 1960களின் தொடக்கத்தில் அவர் பத்திரிகையில் எங்கு பார்த்தாலும் ஐசோமெட்ரிக்தான். பில் மார்ச், லூயிஸ் ரீக்கி என்ற இரண்டு வீரர்கள் டாக்டர் ஜான் சீக்லரின் மேற்பார்வையில், இரும்புச் சட்டத்தில் அசையாத தண்டை அழுத்தியே அதிசயமாக முன்னேறுகிறார்கள் என்று எழுதினார். அந்தச் சட்டத்தையும் விற்றார். பள்ளிக்கூடங்கள், கால்பந்து அணிகள் எல்லாம் வாங்கின. வெளியே சொல்லாத விஷயம் ஒன்று இருந்தது. சீக்லர் அந்த வீரர்களுக்கு டயனபால் என்ற ஸ்டீராய்டு மாத்திரையும் கொடுத்துவந்தார். சீபா கம்பெனி 1958இல் அமெரிக்கச் சந்தைக்குக் கொண்டுவந்த மாத்திரை அது. விஷயம் வெளியே தெரிந்ததும் ஐசோமெட்ரிக் மேலிருந்த நம்பிக்கை சரிந்தது. இந்த மாத்திரை பளு தூக்கும் உலகத்தில் பரவக் காரணமாக இருந்ததற்காகச் சீக்லர் பின்னாளில் வருந்தினார்.

நம் ஊருக்கு இந்த அலை விளம்பரமாக வந்து சேர்ந்தது. 'புல்வொர்க்கர்' ஞாபகம் இருக்கிறதா? ஒரு முழத்துக்குக் கூடுதலான குழாய், இரண்டு பக்கமும் கம்பிவடம். அதை அழுத்தி அல்லது இழுத்து ஏழு விநாடி பிடிக்க வேண்டும். ஒல்லிக்குச்சிப் பையன் சில வாரத்தில் பயில்வானாகும் படங்கள் பத்திரிகைகளில் வந்துகொண்டே இருந்தன. அதன் விலை அன்றைக்கு எங்களைப் போன்றவர்களுக்குக் கனவு. நாங்கள் செய்த பயிற்சி கதவு நிலையில் இரண்டு கைகளையும் கொடுத்துத் தள்ளுவதுதான். காசில்லாமல் கிடைத்த அதுவும் அசல் ஐசோமெட்ரிக்தான்.

இனி முதல் இரண்டு கேள்விகளுக்கு வருகிறேன். பலம் வருமா? வரும், ஆனால் ஹெட்டிங்கரும் முல்லரும் சொன்ன வேகத்தில் எல்லோருக்கும் வராது. அடுத்த பத்து வருஷத்தில் அதே ஆய்வகத்தில் திரும்பச் செய்த சோதனைகளிலேயே கணக்கு இறங்கிவிட்டது. இன்னொரு கட்டுப்பாடும் உண்டு. மூட்டு எந்தக் கோணத்தில் நிற்கிறதோ அந்தக் கோணத்திலும் அதன் அக்கம்பக்கத்திலும்தான் பலம் அதிகம் கூடுகிறது. முழங்காலைப் பாதி மடக்கி நின்று பழகினால், முழுக்க உட்கார்ந்து எழும் பலம் அப்படியே வந்துவிடாது. ஆகவே இரண்டு மூன்று கோணங்களில் பிடிக்க வேண்டும்.

உடம்பு ஏறுமா? ஏறும். தசை சுருங்கிய நிலையில் பிடிப்பதைவிட, நீண்டு விரிந்த நிலையில் பிடித்தால் பருமன் கூடுதலாக வளர்கிறது என்று அண்மைக்கால ஆய்வுகள் காட்டுகின்றன. பருமனுக்கு, உச்ச பலத்தில் 70 முதல் 75 சதவீதம் போட்டு, ஒவ்வொரு தடவையும் 3 முதல் 30 விநாடி வரை பிடித்து, எல்லாம் சேர்ந்து ஒரு நாளில் 80 முதல் 150 விநாடி வந்தால் போதும். வெறும் பலத்துக்கு இன்னும் அழுத்தமாக, இன்னும் குறைவான நேரம். கூட்டிப் பாருங்கள், மொத்தமே இரண்டரை நிமிடத்தைத் தாண்டவில்லை.

இங்கேதான் எனக்கு இந்தச் சரித்திரத்தின் மறுபாதி நினைவுக்கு வருகிறது.

டார்ட்முண்ட் ஆய்வகத்தில் ரோமெர்ட் என்று இன்னொருவர் இருந்தார். 1960இல் அவர் வெளியிட்ட ஆய்வு வேறு கேள்வியைக் கேட்டது. ஒருவர் அசையாமல் எவ்வளவு நேரம் பிடித்திருக்க முடியும்? முழுப் பலத்தையும் போட்டால் சில விநாடி. பாதிப் பலம் போட்டால் சுமார் ஒரு நிமிடம். 15 சதவீதத்துக்குக் கீழே போனால்தான் நெடுநேரம் தாங்கும். பின்னால் வந்தவர்கள் அந்த 15 சதவீதத்தையும் நம்பவில்லை. அதைவிடக் குறைந்த அழுத்தத்திலேயே ஒரு மணி நேரத்தில் தசை களைத்துப்போவதைக் கண்டார்கள். காரணம் எளிது. தசை இறுகினால் தனக்குள் இருக்கும் ரத்தக் குழாய்களைத் தானே நெரிக்கிறது. ரத்தம் வராவிட்டால் பிராணவாயு வராது, கழிவும் வெளியேறாது. நடக்கும் போது தசை இறுகி இறுகித் தளர்வதால் ரத்தம் பாய வழி கிடைக்கிறது. அசையாமல் நிற்கும் போது அந்த வழி அடைபட்டே இருக்கிறது. ஆகவே இப்படிப்பட்ட வேலைக்கு எவ்வளவு நேரத்துக்கு எவ்வளவு ஓய்வு தர வேண்டும் என்று ரோமெர்ட் கணக்குப் போட்டுக் கொடுத்தார்.

ஒரே ஆய்வகம், இரண்டு உண்மைகள். ஆறு விநாடி பிடித்து விட்டால் தசை வளரும். விடாமல் பிடித்தால் தேயும். முதல் உண்மையை விற்கக் கடைகள் வந்தன. இரண்டாவதை விற்க முடியாது, ஆகவே அது அவ்வளவாகப் பரவவில்லை.

என் அம்மா நடவாள். திருத்துறைப்பூண்டிக்கு அருகே எங்கள் கிராமத்தில் காலை ஏழு மணிக்குச் சேற்றில் இறங்கினால், இடையில் கஞ்சி குடிக்கும் நேரம் போக, ஆறு மணி நேரமாவது குனிந்த முதுகு. இடது கையில் நாற்றுமுடி, வலது கையால் கிள்ளி நட்டுக்கொண்டே பின்னால் நகர வேண்டும். கை மட்டும்தான் ஓடும். முதுகும், இடுப்பும், தொடையின் பின்பக்கமும் மேலுடம்பின் பாரத்தைப் பிடித்தபடி நிற்கும். டார்ட்முண்ட்காரர்களின் பாஷையில் சொன்னால் இது ஐசோமெட்ரிக் வேலை. அடுத்த முடியை எடுக்கத்தான் நிமிரலாம். கொஞ்சம் கூடுதலாக நிமிர்ந்தால் வரப்பிலிருந்து காரியக்காரர் சத்தம் போடுவார். ராத்திரி படுக்கும் போது அம்மா குப்புறப் படுத்துக்கொண்டு, என்னை முதுகில் ஏறி மெல்ல மிதிக்கச் சொல்வாள். எனக்கு அப்போது ஆறேழு வயது. அந்த எடைதான் அவள் முதுகுக்கு இதமாக இருந்தது. ஐம்பத்தைந்து வயதுக்குப் பிறகு அம்மா முழுக்க நிமிர்ந்து நடந்து நான் பார்த்ததில்லை. ஆறு விநாடியில் பலம் வருமானால், முப்பது வருஷம் குனிந்தவள் பயில்வான் ஆகியிருக்க வேண்டும் அல்லவா? ஆகவில்லை. உடற்கல்வி படிக்கப் போனபோது ஓய்வு என்ற பாடம் வந்த அன்று எனக்குக் காரணம் விளங்கியது. தசை வளர்வது பிடிக்கும் நேரத்தில் அல்ல, விட்ட பிறகு. விட்ட பிறகு அதற்குச் சோறு வேண்டும், பருப்பு வேண்டும், தூக்கம் வேண்டும். இவற்றில் எதுவும் அவளிடம் போதுமான அளவு இருந்ததில்லை.

அவளுக்கு முந்தின தலைமுறைக்கு இதுவும் கிடையாது. பண்ணையாள் முறையில் விடியுமுன் இறங்கி இருட்டிய பிறகு கரையேற வேண்டும். எதிர்த்தால் சவுக்கடி, சாணிப்பால். 1943இல் கீழத்தஞ்சைக்கு வந்த பி. சீனிவாச ராவ் கன்னட தேசத்துக்காரர். அவர் இந்தச் சேரிகளில் தங்கி விவசாயச் சங்கம் கட்டினார். அடியும் சாணிப்பாலும் நிற்க வேண்டும் என்பதோடு, வேலைக்கு நேரக் கணக்கும் கூலிக்கு அளவும் வேண்டும் என்பது அந்தப் போராட்டத்தின் அடிப்படை. 1952இல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. ராவ் 1961இல் காலமானார். அவர் நினைவிடம் நம் திருத்துறைப்பூண்டியில்தான் இருக்கிறது. ஏழு வருஷம் கழித்து, 1968 டிசம்பர் 25 இரவில், கீழ்வெண்மணியில் 44 பேர் எரிந்து செத்ததற்குப் பின்னால் இருந்ததும் கூடுதலாகக் கேட்ட அரைப்படி நெல்தான். ரோமெர்ட் காகிதத்தில் போட்ட ஓய்வுக் கணக்கை, அவரைப் பற்றிக் கேள்வியே படாமல் நம் மக்கள் வரப்பில் நின்று கேட்டிருக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றும்.

சோறு என்றதும் மாப்பிள்ளைச் சம்பா நினைவுக்கு வரும். பெண் கேட்டு வருகிற இளைஞன் இளவட்டக்கல்லைத் தூக்க வேண்டும், அதற்குப் பலம் தர இந்த அரிசியைச் சமைத்துப் போடுவார்கள் என்று சொல்வார்கள். மறைந்துகொண்டிருந்த இந்த ரகத்தையும் 170க்கும் மேற்பட்ட மற்ற பாரம்பரிய ரகங்களையும் மீட்டவர் நெல் ஜெயராமன். 2006 முதல் நம் ஊருக்குப் பக்கத்தில் ஆதிரெங்கத்தில் நெல் திருவிழா நடத்தினார். 2018 டிசம்பரில் மறைந்தார். அவர் செய்தது பெரிய காரியம். ஆனால் அரிசி மட்டும் தசையாகாது. அந்தக் காலத்து உழைப்பாளி உடம்பைக் கொஞ்சமாவது தாங்கியது வயல் நண்டும் நத்தையும் வாய்க்கால் கெண்டையும். பூச்சிமருந்து வந்த பிறகு அவையும் அருகிவிட்டன. இன்றைக்கு நடவு மெஷின் வந்திருக்கிறது. கூலி போகிறதே என்ற கவலை நியாயமானது. ஆனாலும் முதுகு தப்பித்ததே என்று நினைப்பவன் நான்.

இனி மூன்றாவது கேள்வி. நம் வயதில் செய்யலாமா? 2023இல் பிரிட்டிஷ் ஜர்னல் ஆஃப் ஸ்போர்ட்ஸ் மெடிசின் இதழில் 270 ஆய்வுகளை, 15,000க்கு மேற்பட்டவர்களின் கணக்கைச் சேர்த்துப் பார்த்த கட்டுரை ஒன்று வந்தது. ஓய்வு நிலை ரத்த அழுத்தத்தைக் குறைப்பதில் நடை, ஓட்டம், எடை தூக்குதல் எல்லாவற்றையும் விட ஐசோமெட்ரிக் பயிற்சி முன்னால் நின்றது. மேல் அளவு சராசரியாக 8 புள்ளியும், கீழ் அளவு 4 புள்ளியும் இறங்கின. நம் பள்ளிக்கூடத்துத் தண்டனைக்கு இப்படி ஒரு மரியாதை! அந்த ஆய்வுகளில் வழக்கமாகச் செய்தது இது: இரண்டு நிமிடம் பிடி, சில நிமிடம் ஓய்வு, இப்படி நான்கு தடவை, வாரம் மூன்று நாள்.

நாம் அங்கிருந்து தொடங்க வேண்டாம். சுவரில் சாய்ந்து, முழங்காலைக் கொஞ்சம் மட்டும் மடக்கி, 15 விநாடி போதும். வாரத்துக்கு ஐந்து விநாடி கூட்டுங்கள். மூச்சை அடக்காதீர்கள், பிடிக்கும் போது மூச்சை அடக்கினால் அழுத்தம் சட்டென்று ஏறும். அதற்கு ஒரு வழி, ஒன்று, இரண்டு என்று வாய்விட்டு எண்ணுவது. எண்ணிக்கொண்டே மூச்சை அடக்க யாராலும் முடியாது. இதய நோய், கண் விழித்திரைக் கோளாறு, கட்டுக்குள் வராத ரத்த அழுத்தம் இருப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடங்கவே கூடாது. பக்கத்தில் பிடித்துக்கொள்ள ஒரு நாற்காலி, நிஜ நாற்காலி, இருக்கட்டும்.

பிடிக்கும் விநாடிகளை எண்ணுவது போலவே, விட்ட பிறகு ஓய்வெடுக்கும் விநாடிகளையும் எண்ணுங்கள். அதுவும் பயிற்சியில் சேர்த்திதான். வீட்டில் குனிந்து வேலை செய்கிறவர்கள் இருந்தால், அரை மணிக்கு ஒரு தடவை நிமிரச் சொல்லுங்கள். கயிறு இழுக்கும் போட்டியும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். 1900 முதல் 1920 வரை ஒலிம்பிக்கிலேயே இருந்தது. அதைப் பற்றி இன்னொரு நாள் எழுதுகிறேன்.